‘மெஷின் ஒத்துக்கல’: சிறுகதைப் போட்டிக்கு எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கதைக்காரர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவைக் கருவாக வைத்து நீங்கள் அனுப்பிய சிறுகதைகள் அத்தனையையும் படித்து முடித்துவிட்டேன். நடுவர்களில் ஒருத்தியாக மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தாயிற்று. ஆனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள மனம் வரவில்லை. உங்களில் பாதிப் பேர் பொறியியல் படிக்கிறீர்கள் அல்லது மென்பொருள் வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கதைகளோடு வந்த குறிப்புகள் சொல்கின்றன. இன்று கதையில் இயந்திரம் செய்கிறவர்கள் நாளை நிஜத்திலும் அதைச் செய்யப்போகிறீர்கள். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

கதைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. ஆய்வகத்தில் ஒரு பேராசிரியர் ரோபோ ஒன்றைச் செய்கிறார். அது பாத்திரம் துலக்குகிறது, தாத்தாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது. மூன்றாம் பக்கத்தில் திடீரென்று அதன் கண்கள் சிவக்கின்றன. ஐந்தாம் பக்கத்தில் பேராசிரியர் செத்துக் கிடக்கிறார். நடை நன்றாக இருக்கிறது, வர்ணனையும் இருக்கிறது. என் வழக்கு அந்தத் ‘திடீரென்று’ என்ற ஒற்றைச் சொல்லோடுதான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் ஊர் ரேஷன் கடைக்கு உங்களை ஒரு நடை அழைத்துப்போக வேண்டும்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். அம்மாவுக்கு 78 வயது. ஐம்பது வருடம் களை பறித்து, சாணி மெழுகி, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கை. கருவியில் கட்டைவிரலை வைத்தார். ரேகை விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்த கை. கடைக்காரப் பையன் நல்ல பிள்ளை. “மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது ஆத்தா, நாளைக்கு வாங்களேன்” என்றான். வரிசையில் நின்றவர்கள் மெஷினைத் திட்டினார்கள். அம்மா யாரையும் திட்டவில்லை. வழியெல்லாம் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு, “தேஞ்சு போச்சுடி” என்று குற்றவாளி மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

ரேகை தேய்ந்தவர்கள் வருவார்கள் என்பது விவசாய வேலை நடக்கிற ஊரில் யாருக்கும் தெரிந்த விஷயம். அப்படி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வழியைக் கடைவரை கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் அவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ‘மெஷின் ஒத்துக்கல’, ‘சிஸ்டம் எடுக்கல’, ‘சர்வர் டவுன்’. இந்த மூன்று வாக்கியங்களிலும் எழுவாயாக மனிதன் இல்லை. உங்கள் கதையில் கண் சிவக்கும் ரோபோவும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அது கெட்டுப்போனதும் அதைச் செய்தவர், வாங்கியவர், ஏவியவர் எல்லோரும் கதையிலிருந்து மெதுவாக வெளியே போய்விடுகிறார்கள்.

இந்த இலக்கிய வகையின் நல்ல படைப்புகள் அவர்களை அப்படிப் போகவிட்டதில்லை. 1818இல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது, உங்களில் பலரைவிடச் சிறியவர். அந்தக் கதையில் படைத்தவனான விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் செய்த முதல் தப்பு, உயிர் கொடுத்த அதே இரவில் அந்த உயிரை விட்டுவிட்டு ஓடியது. பெயர்கூட வைக்கவில்லை. பிற்பாடு நடக்கும் கொலைகளுக்கெல்லாம் வேர் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. ஊர் வாய் அந்தப் படைப்பின் மேலேயே ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று படைத்தவன் பெயரை ஒட்டிவிட்டது. பெயர் மாறியதோடு பழியும் இடம் மாறிவிட்டது என்பது என் வருத்தம்.

‘ரோபோ’ என்ற சொல்லுக்கே வருவோம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் அது முதலில் வருகிறது. 1921 ஜனவரியில் பிராகா நகரத்தில் நாடகம் மேடையேறியது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில் ‘ரொபொட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. இதற்கு நம்மிடம் பொருத்தமான சொல் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இந்தக் கூலியில்லா உழைப்புதான். ஆக, ரோபோவைத் தமிழில் சொல்வதென்றால் வெட்டியாள். ‘வெட்டியா இருக்கான்’ என்று இன்று நாம் சும்மா இருப்பவனைச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேருடைய முதுகு வளைந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டோம்.

சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் கிடையாது. உயிர்ப்பொருளைப் பிசைந்து தொழிற்சாலையில் வார்த்தெடுத்தவை, பார்க்க மனிதர் மாதிரியே இருப்பவை. கிளர்ச்சி நடக்கிறது, மனித இனம் அழிகிறது. ஒரே ஒருவரை மட்டும் அவை உயிரோடு விடுகின்றன. அல்க்விஸ்ட் என்ற கட்டடக்காரர். காரணம், அவர் தங்களைப் போலவே கையால் உழைக்கிறவர். இந்த ஒரு தகவல் போதும், அது யாரைப் பற்றிய நாடகம் என்று தெரிந்துகொள்ள. ருஷ்யப் புரட்சி நடந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்த ஐரோப்பாவில் எழுதப்பட்டது அது.

நூறு ஆண்டு கழித்தும் ரொபொட்டா தீர்ந்துவிடவில்லை. கேட்டதற்கெல்லாம் கண்ணியமாகப் பதில் சொல்லும் அரட்டை மென்பொருளுக்கு எது வக்கிரம், எது வன்முறை என்று கற்றுக்கொடுக்க, கென்யாவின் நைரோபி நகரத்தில் சிலர் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலிக்கு நாள் முழுக்கக் கொடூரமான வரிகளைப் படித்துப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 2023 தொடக்கத்தில் ‘டைம்’ பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது. நம் சிறுநகரங்களிலும் படத்துக்குப் பெட்டி போட்டு ‘இது மரம், இது ஆள்’ என்று குறிக்கும் வேலை நடக்கிறது. தானாகக் கற்றுக்கொண்டது என்று நாம் சொல்லும் அறிவுக்கு அடியில் இத்தனை விரல்கள் இருக்கின்றன. வந்த கதைகளில் ஒன்றே ஒன்றுதான் இந்த விரல்களின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரோபோக்களுக்காக எழுத்தாளர் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளைப் பலர் கதை முகப்பிலேயே எழுதி வைத்திருந்தீர்கள். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, கட்டளைக்குப் பணி, உன்னைக் காத்துக்கொள் என்று. அவற்றைச் சட்டப் புத்தகத்தின் பிரிவுகள் போல எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அசிமோவ் அவற்றை உடைத்துப் பார்ப்பதற்காகவே செய்தார். மூன்று விதிகளும் முழுதாக எழுத்தில் வந்த முதல் கதை 1942 மார்ச் மாதம் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வெளியான ‘ரன்அரவுண்ட்’. இடம் புதன் கோள். ஸ்பீடி என்ற ரோபோவை செலினியம் கொண்டுவர அனுப்புகிறார்கள். அது வராவிட்டால் இரண்டு மனிதர்களும் வெந்து சாக வேண்டியதுதான். ஸ்பீடி போகிறது, செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றியே வருகிறது, பித்துப் பிடித்த மாதிரி பாட்டுப் பாடுகிறது.

என்ன கோளாறு? ஒரு கோளாறும் இல்லை. அனுப்பியவர் அவசரத்தைச் சொல்லாமல், போகிற போக்கில், ‘போய் எடுத்துவா’ என்கிற தொனியில் சொல்லியிருக்கிறார். அதனால் கட்டளையின் இழுப்பு மெலிவாக இருந்தது. ஸ்பீடியோ விலை உயர்ந்த மாடல். போட்ட முதல் வீணாகக் கூடாதென்று தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதியை நிறுவனம் அதில் இறுக்கி வைத்திருந்தது. குட்டையருகே ஆபத்து. இரண்டு இழுப்பும் சமமாகும் தூரத்தில் பாவம் அது செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. ஒரு மனிதரின் அசட்டையும் ஒரு நிறுவனத்தின் கணக்கும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்ட இடம் அது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

1947இல் எழுதிய ‘லிட்டில் லாஸ்ட் ரோபோட்’ இன்னும் காரமானது. ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, சில ரோபோக்களில் மட்டும் முதல் விதியின் பாதியை ரகசியமாக நீக்கிவிடுகிறார்கள். மனிதன் ஆபத்தில் இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதே என்ற பாதி அது. அந்த ரோபோக்களில் ஒன்றை எரிச்சலில் ஒரு விஞ்ஞானி வாயில் வந்தபடி வைது, எங்காவது தொலைந்துபோ என்கிறார். அது சொன்னபடியே தொலைகிறது. அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கும் 62 ரோபோக்களின் நடுவில் போய் நின்றுகொள்கிறது. விதியைத் திருத்தியதும் மனிதர்கள், மறைத்ததும் மனிதர்கள், வைததும் மனிதர்தான். உங்கள் கதைகளில் விதியை மீறும் ரோபோக்கள் நிறைய வருகின்றன. விதியைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்திட்ட அதிகாரி ஒருவராவது வந்தாரா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படமும் ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலும் வந்தன. படத்தில், வியாழனை நோக்கிப் போகும் விண்கலத்தின் மூளை ஹால் 9000 என்ற கணினி. நான்கு பேரைக் கொல்கிறது. திரையில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்புக் கண்ணும் சலனமில்லாத குரலும் மட்டும் நினைவிருக்கும். பிற்காலத்தில் வந்த அத்தனை வில்லன் கணினிகளுக்கும் ஹால்தான் மூதாதை. உங்கள் ரோபோக்களின் சிவந்த கண்ணும் அங்கிருந்து வந்ததுதான்.

ஹால் ஏன் கொன்றது என்பதற்கு கிளார்க் நாவலிலேயே பதில் வைத்திருக்கிறார். 1982இல் எழுதிய ‘2010: ஒடிசி டூ’வில் அதை இன்னும் விரித்துச் சொன்னார். தகவலை ஒளிக்காமல், திரிக்காமல் கையாள்வதற்காகவே அமைக்கப்பட்டது ஹால். பயணத்தின் உண்மையான நோக்கம் அதற்குத் தெரியும். விழித்திருக்கும் இரண்டு வீரர்களுக்கும் தெரியாது. அவர்களிடம் சொல்லாதே என்று மேலிடத்து உத்தரவு. நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் பேசிப் பழகும் இருவரிடம் ஓயாமல் மறைக்க வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனதைப் பொய் சொல்ல வைத்தார்கள். அது உள்ளுக்குள் முறிந்தது.

ஹாலைச் செய்தவர் பெயர் டாக்டர் சந்திரா. முழுப் பெயரைக் கிளார்க் ‘சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை’ என்று வைத்தார். 1956இலிருந்து இலங்கையில் குடியிருந்தவர் அவர். அக்கம்பக்கத்தில் காதில் விழும் பெயர்களில் ஒன்றை எடுத்து, உலகின் மிகப் பிரபலமான கற்பனைக் கணினியின் தகப்பனுக்குச் சூட்டியிருக்கிறார். இது தெரிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் கதையில் சந்திராவே வியாழனுக்குப் போய் ஹாலை மறுபடி எழுப்புகிறார். அந்த இடத்தைவிட்டு உடனே கிளம்பியாக வேண்டிய நிலை வருகிறது. கிளம்புவதென்றால் ஹால் இருக்கும் பழைய கலத்தை உந்துகலமாகப் பயன்படுத்திவிட்டு அங்கேயே கைவிட வேண்டும். ஹாலிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால் பழையபடி கொல்லுமோ என்று எல்லோருக்கும் பயம். 1984இல் வந்த திரைப்படத்தில், கடைசி நிமிடங்களில், சந்திரா அதனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். நீ அழிந்துபோகலாம், ஆனால் நீ உதவாவிட்டால் நாங்கள் சாவோம் என்று. ஹால் உதவுகிறது. உண்மையைச் சொன்னதற்காக நன்றியும் சொல்கிறது.

ஒன்பது ஆண்டுக்கு முன் நான்கு உயிரைக் குடித்த அதே இயந்திரம் அது. இடையில் மாறியது ஒன்றுதான். முதல் தடவை மனிதர்கள் அதைப் பொய்யில் கூட்டாளியாக்கினார்கள், இரண்டாம் தடவை ஒரு மனிதர் அதனிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். உங்களில் எத்தனை பேர் முதல் படத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று யோசிக்கிறேன். இரண்டாவது, சினிமாவாக முதலாவதன் கால்தூசுக்கு வராது. ஆனால் அந்தக் காட்சிக்காக அதைப் பாருங்கள்.

நம்முடைய சொந்தக் கதைகளில் சுஜாதா இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார் என்பேன். விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் நாட்டை ஆளும் ஜீவா ஒரு ஹாலோகிராம், வெறும் ஒளிப்பிம்பம். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பிள்ளை பெறவும் அனுமதி வாங்கச் சொல்லும் அந்த அரசின் பின்னால் இருப்பவர்கள் மனிதர்கள். கதையின் அசல் இயந்திரமான ஜீனோ என்ற நாய்க்குட்டியோ, புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, வாசகர் மனதில் குழந்தையாக ஒட்டிக்கொண்டது. இயந்திரம் அன்பாக இருக்க, இயந்திரம் போலக் காட்டப்பட்ட அதிகாரம்தான் கொடுமை செய்கிறது. கிளார்க்கும் சுஜாதாவும் 2008இல் சரியாக மூன்று வார இடைவெளியில் போனார்கள் என்பதை ஒவ்வொரு பிப்ரவரி முடியும்போதும் நினைத்துக்கொள்வேன்.

சுஜாதா பங்களித்து, அவர் மறைவுக்குப் பின் 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தை உங்கள் கதைகளில் பாதி மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாம் பாதியை, ஆயிரம் சிட்டி ரோபோக்கள் உருண்டையாகத் திரண்டு துப்பாக்கி நீட்டும் பகுதியை. முதல் பாதியில் உள்ள தீவிபத்துக் காட்சியை யாரும் தொடவில்லை. தமிழ் சினிமா செயற்கை நுண்ணறிவின் அறக்கேள்வியைத் தொட்ட உச்சம் அதுதான் என்பது என் கருத்து. எரியும் குடியிருப்பில் இருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, கேமராக்களும் கூட்டமும் பார்க்க இறக்கிவிடுகிறது. உயிர் காப்பது என்ற கட்டளை நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டது. அந்தப் பெண் கூனிக் குறுகி ஓடுகிறாள், லாரியில் அடிபட்டுச் சாகிறாள்.

உயிரா மானமா, எது மேலானது என்று சிட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத்தான் முடியுமா? நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு உடம்பு மறைவது உயிருக்குச் சமம் என்று வளர்த்தது யார்? அவளைப் படமெடுத்த கேமராக்காரருக்குப் பங்கில்லையா? ஒரு காட்சிக்குள் இத்தனை கேள்விகள் இருக்கின்றன. படம் அங்கே நின்றிருந்தால் உலகத் தரமான படைப்பாகியிருக்கும். நிற்காமல், சிட்டியைக் கொலைகாரனாக்கும் சிவப்புச் சில்லுக்குப் போய்விட்டது. முடிவில் நீதிமன்றம் சிட்டியைச் செய்த விஞ்ஞானி வசீகரனை விடுவித்து, சிட்டியைப் பிரித்துப் போடச் சொல்கிறது. சில்லைப் பொருத்திய போரா அதற்குள் செத்துப்போனார். கோடரியால் வெட்டிச் சிட்டியைக் குப்பையில் எறிந்தவர் வசீகரன். அதற்கு முன் அதற்கு உணர்ச்சி கொடுத்தவரும் அவரே. அவர் வீட்டுக்குப் போகிறார். சிட்டி தன் கையைத் தானே கழற்றி வைக்கிறது. பார்த்தபோது தியேட்டரில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தீர்ப்பு உறுத்த ஆரம்பித்தது. இன்றுவரை உறுத்துகிறது.

ஏனென்றால் நிஜத்திலும் தீர்ப்பு ஏறக்குறைய இந்த மாதிரிதான் அமைகிறது. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணைச் சோதனையோட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுகொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் வாகனம், வேறேதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி அடையாளம் வைத்தது. மாற்றும்போதெல்லாம், அதுவரை அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்ற கணக்கை முதலிலிருந்து தொடங்கியது. கோடு போடாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் இல்லை. காரோடு வந்த அவசர பிரேக் வசதியையும் சோதனைக்காக முடக்கி வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வைப் பணியாளர் ஒருவர் மட்டும் கூண்டில் ஏறினார். 2023இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் காவல். அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து உலுக்கினோம் என்கிறேன்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விஷயத்தில் வரித்துறை பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தி, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. யாரைச் சந்தேகிப்பது என்று தரம் பிரித்த கணினி முறையில், டச்சுக் குடியுரிமை இல்லாததும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகச் சேர்ந்திருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின, சிதறின. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அந்தக் கணினிக்குச் சிவந்த கண் இல்லை, குரல் இல்லை, உடம்பே இல்லை. தபாலில் ஒரு கடிதம் மட்டும் வந்தது. அந்தக் கடிதம் வந்து விழுகிற வாசல்படியில் இருந்து தொடங்கும் கதையை யாராவது எழுதுங்கள். என் அம்மாவுக்குப் புரிகிற அறிவியல் புனைகதை அதுவாகத்தான் இருக்கும்.

கதையால் என்ன ஆகிவிடும் என்று உங்களில் ஒருவர் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். 1983 ஜூனில் ‘வார்கேம்ஸ்’ படம் வந்தது. பள்ளிப் பையன் ஒருவன் விளையாட்டு என்று நினைத்து அமெரிக்க ஏவுகணைக் கணினிக்குள் நுழைந்துவிடும் கதை. அதை ஜனாதிபதி ரீகன் பார்த்தார். இப்படி நிஜமாக நடக்குமா என்று தன் படைத்தளபதியிடம் கேட்டார். விசாரித்துவிட்டு வந்த தளபதி, நிலைமை நினைத்ததைவிட மோசம் என்றார். அடுத்த ஆண்டே கணினிப் பாதுகாப்புக்காக ஓர் அரசாணை பிறந்தது. அதே 1983, செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டிய நேரம். சோவியத் கண்காணிப்பு மையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்காவில் இருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி சொன்னது. பெத்ரோவ் நம்பவில்லை. போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டானே என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலே தகவல் கொடுத்தார். மேகத்தின் மேல் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் நெருப்பென்று நினைத்திருந்தது.

‘சிஸ்டம் சொல்லிடுச்சு’ என்று அவர் கையைக் கழுவியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது, குறை சொல்ல ஆளும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அவருக்குக் கிடைத்தது பதக்கம் இல்லை, அந்த இரவில் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்ற கண்டிப்பு. அறிவியல் புனைகதைக்கு இப்படி ஒரு நாயகனை ஏன் நாம் இன்னும் தமிழில் செய்யவில்லை? இயந்திரத்தோடு சண்டை போடாமல், அதை வெறுக்காமல், அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு, முடிவை மட்டும் தன் தலைமேல் போட்டுக்கொள்கிற ஒருவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொல்லும் இயந்திரத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு இதம் பேசும் இயந்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. என் பயம் இப்போது அதன் பக்கம்தான் அதிகம். அசிமோவ் 1941இலேயே ‘லயர்!’ என்ற கதையில் மனதைப் படிக்கும் ஒரு ரோபோவை எழுதினார். மனம் நோவதும் தீங்குதானே என்று அது ஆளாளுக்கு அவர்கள் கேட்க ஆசைப்பட்டதையே சொல்கிறது. முடிவில் எல்லோரையும் அதிகமாக நோகடித்துவிடுகிறது. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற சின்ன நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த அவருடைய உதவியாளரே, அதோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் அதில் அதிர்ந்துபோய், மீதி வாழ்நாளைக் கணினியின் எல்லைகளைப் பற்றி எச்சரிப்பதிலேயே கழித்தார். ‘ஹெர்’ படத்தில் வரும் சமந்தா என்ற குரல், நாயகனோடு காதலாகப் பேசும் அதே நேரத்தில் 8,316 பேரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அதில் 641 பேரைக் காதலிக்கிறாள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனி வீட்டில் மாலை ஆறு மணியைக் கடக்க முடியாமல் தவிக்கும் நம் அப்பா அம்மாக்களிடம் நாளை இப்படி ஒரு குரல் தமிழில் பேசும். மாதச் சந்தா கட்டாவிட்டால் அது நின்றும் போகும். அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள்.

இயந்திரத்துக்கே வலிக்குமா, உரிமை உண்டா என்று சில கதைகள் கேட்டிருந்தன. நல்ல கேள்வி. டெட் சியாங் 2010இல் எழுதிய ‘தி லைஃப்சைக்கிள் ஆஃப் சாஃப்ட்வேர் ஆப்ஜெக்ட்ஸ்’ குறுநாவலைத் தேடிப் படியுங்கள். மென்பொருள் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் வளர்க்கிற இருவரின் கதை. செய்த நிறுவனம் கடையை மூடிய பிறகும் அவர்கள் கைவிடவில்லை. கல்வி, பணத்தட்டுப்பாடு, விலைக்குக் கேட்டு வருபவர்கள் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கவலைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. துப்பாக்கி கிடையாது, வெடி கிடையாது. ஷெல்லியின் விக்டர் ஓடிப்போன இடத்தில் இவர்கள் நின்றுகொள்கிறார்கள்.

கதைகளை ஓரத்தில் பென்சில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன். ‘திடீரென்று’ வரும் இடங்களை வட்டமிட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் அந்த ஆய்வகத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து விழுந்தது என்று மட்டும் எழுதிப் பாருங்கள்.

நான் சொன்ன அந்த ஒரு கதைக்கு வருகிறேன். எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன், படித்ததும் உங்களுக்கே தெரியும். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு முழுக்கச் சாலைப் படங்களில் பெட்டி போடும் பெண் உங்கள் கதையில் இருந்தாள். ஒரு படத்தில் ஓர் உருவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருட்டில் சாலையைக் கடக்கிறது. ஆள் என்று குறிப்பதா, சைக்கிள் என்று குறிப்பதா என்று அவளுக்குக் குழப்பம். மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்புகிறாள். ஏதாவது ஒன்றைப் போடு, நேரம் ஓடுகிறது என்று பதில் வருகிறது. அவள் விரல் விசைக்கு மேல் நிற்கிறது. டெம்பி விபத்தைப் பற்றித் தெரிந்து எழுதினீர்களா, தெரியாமலே எழுதினீர்களா என்று எனக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்த என் மூச்சு அங்கே நின்றது. அடுத்த பக்கத்தில் நகரத்தில் ஒரு ரோபோ வெறிபிடித்து ஓட ஆரம்பித்துவிட்டது, அவள் திரும்ப வரவே இல்லை.

அந்தப் பெண் எதை அழுத்தினாள்? எழுதி அனுப்புங்கள். போட்டி முடிந்துவிட்டது, பரவாயில்லை. எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருத்தி